நூறு யூனிட் ரத்தம்

இல்ல சார், நான் கோவமா எல்லாம் இல்ல. என் முகமே அப்படித்தான். கல்யாண ஆல்பத்துலயே அப்படித்தான் இருக்கும், யாரையோ சஸ்பெண்ட் பண்ணப் போற மாதிரி. நீங்க ஒதுங்க வேண்டாம், பஸ் சீட்டுல நல்லா சாஞ்சு உக்காருங்க. மதுரைக்குத்தானே? நானும் மதுரைக்குத்தான், பெரியாஸ்பத்திரிக்கு. எனக்கு ஒன்னும் இல்ல. அங்க ஒரு பிள்ளைகிட்ட ஒரு விளக்கம் கேக்க வேண்டியிருக்கு. ஒன்னேகால் வருஷமா கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்.

பேரு சீனிராஜ். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரில வணிகவியல் எடுக்கிறேன். எந்தக் கல்லூரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். என்.எஸ்.எஸ். பொறுப்பும் எனக்குத்தான். மரம் நடுறது, கோயில் வாசல் கூட்டுறது, ரத்ததான முகாம் நடத்துறது எல்லாம் நம்ம தலையில. அதுல ரத்ததானம்தான் எனக்குப் பேர் வாங்கிக் குடுத்தது. இதே நிர்வாகத்தோட பையங்க காலேஜ்ல ஒன்பது வருஷம் இதே பொறுப்புல இருந்தேன் சார். வருஷா வருஷம் நூறு யூனிட்டுக்குக் குறைஞ்சதே இல்ல. ஒரு யூனிட்னா ஒரு பாட்டில்னு வச்சுக்கங்க. மைக்ல ஒரு சத்தம் போட்டாப் போதும், வந்து வரிசையா கையை நீட்டுவானுக. ரெண்டு கேடயம் வீட்டு ஷோகேஸ்ல இருக்கு. அப்புறம் என்னைப் பெண்கள் கல்லூரிக்கு மாத்தினாங்க. மாத்தினா என்ன, ரத்தம் எங்க எடுத்தாலும் சிவப்புத்தானேன்னு நினைச்சேன். நினைச்சதோட நிறுத்தியிருக்கணும். ஆகஸ்ட்ல நூறு யூனிட் தர்றோம்னு பல்கலைக்கழகத்துக்கு எழுதியே குடுத்துட்டேன்.

பெரிய ஷாமியானா. பேனர். பேனர்ல என் போட்டோ தலைமை விருந்தினர் போட்டோவை விடக் கொஞ்சம் பெருசாப் போயிருச்சு, அது பிரஸ்காரன் தப்பு. தலைமை விருந்தினர் தனுஷ்கோடி அண்ணாச்சி, விருதுநகர்ல பருப்பு மில் வச்சிருக்கார். ரத்த வங்கில இருந்து டாக்டர் ஹில்டான்னு ஒரு அம்மா, கூட நாலு நர்ஸ், ஆறு கட்டில். நூத்திப் பதினெட்டு பிள்ளைக பேர் குடுத்திருந்தாளுக. பதினெட்டு போனாலும் நூறு நிக்கும்ல? அப்படித்தான் திட்டம்.

முதல்ல ஒரு சோதனை வைப்பாங்க. மயில்துத்தம் கரைச்ச தண்ணி, நல்ல நீலமா ஒரு கண்ணாடி டம்ளர்ல இருக்கும். விரல்ல ஒரு குத்து குத்தி ஒரு சொட்டு அதுல விடுவாங்க. ரத்தத்துல சத்து இருந்தா சொட்டு கனத்துல அடிக்குப் போகும். சத்து இல்லன்னா மேலயே நிக்கும். எனக்கு இது தெரியாது சார். ஒன்பது வருஷம் நான் மேடைப் பக்கம்தான் நிப்பேன், டம்ளர் பக்கம் போனதில்ல. அன்னைக்கு எட்டிப் பாத்தா, முதல் பிள்ளை சொட்டு மிதக்குது. ரெண்டாவது பிள்ளை சொட்டும் மிதக்குது. மூணாவதும் மிதக்குது. ஆகா, எவ்வளவு சுத்தமா இருந்தா இப்படி மிதக்கும்னு மைக்ல பாராட்டிட்டேன். டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. மைக்கை ஆஃப் பண்ணச் சொன்னாங்க.

நூத்திப் பதினெட்டுல தேறினது ஏழு.

ஏழு சார்! மெஷின்ல கோளாறுன்னு சொன்னேன். மெஷினை இன்னும் எடுக்கவே இல்ல, இது தண்ணிதான்னாங்க. அப்ப தண்ணில கோளாறுன்னேன். அந்தம்மா என் விரலைப் புடிச்சுக் குத்தி ஒரு சொட்டு விட்டாங்க. கல்லு மாதிரி அடியில போய் உக்காந்துருச்சு. மெஷினும் வச்சிருந்தாங்க, அதுலயும் போட்டாங்க. பதினாலு புள்ளி எட்டு. பிள்ளைகளுக்கெல்லாம் எட்டு, ஒன்பது, பத்துன்னு வருது. ரத்தம் குடுக்கப் பன்னெண்டரை வேணுமாம், நாப்பத்தஞ்சு கிலோ எடையும் வேணுமாம். சரி, முழு பாட்டில் வேண்டாம், ஆளுக்கு அரை பாட்டில் எடுத்துக்கங்கன்னு கேட்டேன். இருநூறு பேரை நான் கூட்டிட்டு வர்றேன், கணக்கு ஒன்னுதானேன்னேன். நான் கேட்டதுல என்ன தப்பு, சொல்லுங்க.

டாக்டரம்மா பிள்ளைகளைப் பாத்து, காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. முகாமுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி. ஒருத்தி டீங்கிறா. ஒருத்தி டீயும் ரெண்டு முறுக்கும்ங்கிறா. ஒருத்தி இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, விரதம்ங்கிறா. ஒருத்தி, பஸ் ஆறே முக்காலுக்கு மேடம், அதுக்குள்ள அண்ணனுக்கும் அப்பாவுக்கும் டிபன் பாக்ஸ்ல வைக்கத்தான் சரியா இருக்கும்ங்கிறா. நேத்து ராத்திரி சாப்பிட்டது என்னன்னா, மிச்சம் இருந்ததுங்கிறா. நல்ல வளர்ப்புன்னு நான் நினைச்சுக்கிட்டேன். என் வீட்டம்மாவும் அப்படித்தான் சார், நானும் மகனும் சாப்பிட்டு எந்திரிக்காம ஒரு பருக்கை வாயில வைக்க மாட்டா. அவளுக்கு என்ன குறைஞ்சு போச்சு? அப்பப்பத் தலை சுத்தும், செவுத்தைப் புடிச்சுக்குவா.

ரத்தம் குடுத்தவங்களுக்குன்னு ஜூஸ் பாக்கெட்டும் பிஸ்கெட்டும் நூறு பேருக்கு வாங்கி வச்சிருந்தேன். ஏழு போக மிச்சத்தை ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். குடுத்தவங்களுக்குத்தானே அது? மத்த பிள்ளைக கதவையே பாத்துக்கிட்டு நிக்குதுக. டாக்டரம்மா வந்து சாவியைக் கேட்டு வாங்கி, தேறாத பிள்ளைகளுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துட்டாங்க. நான் ஆட்சேபம் தெரிவிச்சேன். காதுல விழுந்த மாதிரித் தெரியல.

இப்ப நான் விளக்கம் கேக்கப் போறேன்னு சொன்னேன்ல, அந்தப் பிள்ளை கதைக்கு வாறேன். சங்கரேஸ்வரி. அப்ப பி.காம். மூணாம் வருஷம். என்.எஸ்.எஸ்.ல மாணவித் தலைவி. நாலாவது பெஞ்சுல உக்காரும், அதிகம் பேசாது. அன்னைக்கு அந்தப் பிள்ளைக்குத்தான் இருக்கிறதுலயே கம்மி. ஏழு புள்ளி நாலு. எடை நாப்பத்தொன்னு. டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பாத்துட்டு, கல்யாணம் பேசியிருக்காங்களான்னு கேட்டாங்க. வைகாசில மேடம், மாமா பையன்னு சொல்லுச்சு. இந்த ரத்தத்தோட பிள்ளை உண்டாச்சுன்னா, பிரசவத்துல நீ தாங்க மாட்டம்மா, உசிருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா நேராவே சொல்லிட்டாங்க. அந்தப் பிள்ளை தெரியும் மேடம்னு மட்டும் சொல்லுச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். மைக் வயரைச் சுத்திக்கிட்டிருந்தேன்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நிக்குது. கையில ஒரு பேப்பர்.

"சார், டிசம்பர்ல இன்னொரு முகாம் வைங்க சார்."

"எதுக்கும்மா, மிச்சம் இருக்கிற மானமும் போறதுக்கா?"

"நாலு மாசம் இருக்கு சார். தினமும் காலைல காலேஜ்லயே எல்லாருக்கும் சாப்பாடு போடுங்க. டாக்டர் மேடம்கிட்ட என்னென்னன்னு எழுதி வாங்கிட்டேன். டிசம்பர்ல தொண்ணூறு, நூறு பேருக்குப் பன்னெண்டரை வந்துரும். அதுக்கு நான் பொறுப்பு."

வார்த்தையைக் கவனிச்சீங்களா? பன்னெண்டரை வரும், அதுக்குப் பொறுப்புன்னு சொல்லுச்சு. ரத்தம் குடுப்போம்னு ஒரு வார்த்தை சொல்லல. நான் கவனிக்கல சார். அடக்க விலைக் கணக்கு அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். மூலப்பொருள் என்ன, எத்தனை நாள், உற்பத்தி எவ்வளவுன்னு கட்டம் போட்டு எழுதிட்டு வந்திருக்கு. நூறு யூனிட்டைக் கண்ணால பாத்துட்டேன் நான்.

தனுஷ்கோடி அண்ணாச்சிகிட்டப் போய் நின்னேன். பேனர்ல உங்க போட்டோவை என் போட்டோவை விடப் பெருசாப் போடுறேன்னேன். கம்பு, நிலக்கடலை, தட்டாம்பயறு, கருப்பட்டி எல்லாம் மூட்டை மூட்டையா வந்து இறங்குச்சு. முருங்கைக்கீரைக்குப் பஞ்சமே இல்ல, ஆளுக்கு ஒரு கொத்து வீட்டுல இருந்து ஒடிச்சுட்டு வந்தாப் போதும். கேன்டீன்ல வேலுத்தாய்னு ஒரு அம்மா, காலைல எட்டு மணிக்குக் கம்பங்கஞ்சியும் கீரையும் ஆக்கி வச்சிரும். ஒரு நாள் கடலை, ஒரு நாள் பயறு. வாரத்துக்கு ரெண்டு நாள் முட்டை. கூடவே ஒரு துண்டு நெல்லிக்காய், அது இருந்தாத்தான் சத்து உடம்புல ஒட்டுமாம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து பூச்சி மாத்திரை குடுத்துச்சு, இரும்புச் சத்து மாத்திரை குடுத்துச்சு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு யாரும் டீ குடிக்கக் கூடாதுன்னு சங்கரேஸ்வரி ஒரு போர்டு எழுதி மாட்டிருச்சு. கேன்டீன் குத்தகைக்காரர் என் சட்டையைப் புடிக்காத குறை.

நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சம் இல்ல சார். ஆம்பளை நான், பொம்பளைப் பிள்ளைக வயித்துச் சமாசாரம் எல்லாம் என் மேஜைக்கு வருது. ஒரு நாள் முப்பது பேர் மாத்திரையை ஜன்னல் வழியா வீசிட்டாளுக. என்னன்னு கேட்டா, வெளிக்குக் கருப்பாப் போகுதாம். முகமும் கருத்துருமாம். வணிகவியல் துறைத் தலைவர் பதில் சொல்ற கேள்வியா இது? டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, கருப்பாத்தான் போகும், மாத்திரை உள்ள போன அடையாளம் அது, முகம் ஒன்னும் கருக்காதுன்னு கேட்டு வாங்கி, நோட்டீஸ் போர்டுல போட்டேன். கீழ என் கையெழுத்து வேற. இன்னொரு நாள் டாக்டரம்மா ஒரு பாரம் அனுப்பினாங்க. மாசா மாசம் எத்தனை நாள், எவ்வளவு போகுதுன்னு ஒவ்வொருத்தியும் எழுதணுமாம், ஜாஸ்தி போறவளுக்குத் தனியா வைத்தியம் பாக்கணுமாம். அந்தக் கட்டத்தை மட்டும் நான் பேனாவால அடிச்சுட்டு ஜெராக்ஸ் எடுத்தேன். சங்கரேஸ்வரி வந்து, சார், முக்கியமான கேள்வியை விட்டுட்டீங்களேன்னு கேட்டுட்டு, கையாலயே நூத்திப் பதினெட்டுத் தாள்லயும் திரும்ப எழுதுச்சு. ஒரு தாள் பாக்கியில்லாம எழுதுச்சு. எனக்கு எங்க முகத்தை வைக்கிறதுன்னு தெரியல.

ஒரு தாயார் சண்டைக்கே வந்துருச்சு. "என்ன சார் சொல்லிக் குடுக்கீக பிள்ளைகளுக்கு? வீட்டுக்கு வந்ததும் வராததுமா எனக்கு முதல்ல சோறு போடுங்கிறா. அண்ணனுக்கு வச்ச முட்டைல பாதியைக் குடுங்கிறா. நாளைக்குப் போற வீட்டுல என்ன சொல்லுவாக?" எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. மன்னிச்சுக்கங்கம்மா, டிசம்பரோட சரியாயிரும்னு சொல்லி அனுப்பினேன்.

இதுல என் வகுப்பு வேற கெட்டுப் போச்சு. முன்னாடி எல்லாம் என் முதல் பீரியட் எவ்வளவு அமைதியா இருக்கும் தெரியுமா? ஒரு குண்டூசி விழுந்தாக் கேக்கும். எல்லாரும் அடக்கமா, தலையைக் கைல தாங்கி, கண்ணைப் பாதி மூடிக் கேப்பாளுக. பிரின்சிபால் மேடமே பாராட்டியிருக்காங்க. அக்டோபர்ல இருந்து பாருங்க, ஒரே சந்தேகம். அது ஏன் சார் பற்றுல வருது, இது ஏன் சார் வரவுல வருதுங்கிறாளுக. இருபத்தொரு வருஷமா நான் போட்டுக் குடுக்கிற ஒரு கணக்குல தப்புன்னு ஒருத்தி எந்திரிச்சு நிக்கிறா. தப்புத்தான், அது வேற விஷயம். மாடிப்படில ஓடுறாளுக. சிரிப்புச் சத்தம் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேக்குது.

கிண்டலுக்கும் குறைச்சல் இல்ல. ஒரு நாள் கேன்டீன் ஜன்னலுக்கு வெளிய நிக்கிறேன், உள்ள ஒருத்தி சொல்றா. "சீனி சார் நம்மளைக் கோயில் கிடா மாதிரி வளக்காருடி. தழையைப் போட்டுப் போட்டு, டிசம்பர்ல வெட்டு." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாளுக. எனக்குச் சுருக்குன்னுச்சு. சங்கரேஸ்வரி மட்டும் சிரிக்கல. கஞ்சியை ஊதிக் குடிச்சுக்கிட்டே, "கிடாவுக்கு விவரம் தெரியாது. நமக்குத் தெரியும்ல, பேசாமக் குடிங்க" அப்படின்னுச்சு. பாத்தீங்களா, எனக்காகப் பேசுற பிள்ளைன்னு நான் சந்தோசப்பட்டுக்கிட்டு வந்துட்டேன்.

டிசம்பர் வந்துச்சு. அதே ஷாமியானா, அதே டாக்டரம்மா, அண்ணாச்சி போட்டோ ஆளுயரத்துக்கு. நீலத் தண்ணி டம்ளரைச் சுத்தி ஒரே கூட்டம். முதல் சொட்டு விழுந்துச்சு. மூழ்கிருச்சு! பிள்ளைக ஹோன்னு கத்துறாளுக. அடுத்த சொட்டும் மூழ்குது. ஒவ்வொரு சொட்டுக்கும் கைத்தட்டல், விசில். பொம்பளைப் பிள்ளைக விசில் அடிச்சு நான் அன்னைக்குத்தான் கேட்டேன். சங்கரேஸ்வரி முறை வந்தப்ப மட்டும் யாரும் கத்தல. எல்லாரும் டம்ளரையே பாக்குறாளுக. சொட்டு விழுந்து ஒரு கணம் தயங்குச்சு சார், அப்புறம் மெதுவா இறங்கி அடிக்குப் போயிருச்சு. மெஷின்ல பன்னெண்டு புள்ளி ஆறு. எடை நாப்பத்தாறு. டாக்டரம்மா அந்தப் பிள்ளை கன்னத்தைப் புடிச்சுக் கிள்ளினாங்க.

மொத்தம் தொண்ணூத்தொன்னு. பக்கத்து ஐ.டி.ஐ. பையங்கள்ல ஒன்பது பேரைப் புடிச்சா நூறு. அந்த ஷோகேஸ்ல மூணாவது கேடயத்துக்கு இடம் இருக்கான்னு எல்லாம் யோசிச்சுட்டேன் நான். மைக்கை எடுத்து, "தேர்ச்சி பெற்ற மாணவிகள் கட்டிலுக்கு வரவும்"னேன்.

யாரும் வரல.

இன்னொரு தடவை சொன்னேன். ஒவ்வொருத்தியும் அந்த நம்பர் எழுதின சீட்டை வாங்கிப் பர்ஸுக்குள்ள வச்சுக்கிட்டு வகுப்பைப் பாத்துப் போறா. ஆறு கட்டிலும் காலி. நர்ஸுக கையில ஊசியை வச்சுக்கிட்டு நிக்குதுக. அண்ணாச்சி என்ன சீனி, எப்ப ஆரம்பிக்கும்ங்கிறார். நான் மைக்கைக் கையில புடிச்சபடியே சங்கரேஸ்வரிகிட்ட ஓடினேன்.

"என்னம்மா இது? கூப்பிடு எல்லாரையும்!"

"மன்னிச்சிருங்க சார். நாங்க குடுக்கல."

"குடுக்கலையா? பாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல?"

"விருப்பம் இல்லன்னா எப்ப வேணா மறுக்கலாம்னு அந்தப் பாரத்துலயே இருக்கு சார். நீங்கதான் வாசிச்சுக் காட்டினீங்க."

"நாலு மாசமா கஞ்சி ஊத்தினது எதுக்கு? நீதானே பொறுப்புன்ன?"

அந்தப் பிள்ளை என் முகத்தைப் பாத்துச்சு சார். அத்தனை நாள்ல அன்னைக்குத்தான் நிமிந்து பாத்துச்சு.

"எங்க அக்காவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பிரசவம் சார். பிள்ளை பிறந்ததுக்கப்புறம் ரத்தம் நிக்கல. ஏற்கெனவே அவ உடம்புல ஒன்னும் இல்ல. ரெண்டு பாட்டில் வேணும்னாக. அன்னைக்கு அங்க இருப்பு இல்ல. அப்பாவும் மாமாவும் பஸ் ஸ்டாண்டுல நின்னு போறவுக வாறவுகளை எல்லாம் கையெடுத்துக் கேட்டாக. நான் குடுக்கேன்னு நானும் போனேன், என் சொட்டு மிதந்துருச்சு. அம்மா சொட்டும் மிதந்துருச்சு. மத்தியானத்துக்குள்ள அக்கா போயிட்டா. எனக்கு வைகாசில கல்யாணம் சார். வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன், கேக்க ஆளில்ல. அப்புறம் நான் யார்கிட்டப் போய் நிக்கட்டும்? எனக்கு வேண்டியதை எனக்குள்ளயே வச்சிருக்கேன். இதை மட்டும் கேக்காதீங்க சார்."

நான் என்ன சொல்லியிருக்கணும், சொல்லுங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அது உன் சொந்த விஷயம்மா, இது கல்லூரி நிகழ்ச்சி"ன்னு சொன்னேன்.

மைக் ஆன்ல இருந்துச்சு சார்.

அந்தப் பிள்ளை பேசினதும் கேட்டிருக்கு, நான் பேசினதும் கேட்டிருக்கு. மூணு மாடிக்கும். எல்லா வகுப்பு வாசல்லயும் பிள்ளைக வந்து நிக்கிறாளுக. கேன்டீன் வாசல்ல வேலுத்தாய் கரண்டியோட நிக்கிது. நான் மைக்கை ஆஃப் பண்ணத் தடவுறேன், சுவிட்ச் எந்தப் பக்கம்னு கை மறந்து போச்சு.

டாக்டரம்மா வந்து மைக்கை வாங்கி வச்சுட்டு, "நீங்க வாங்க சார்"னு கட்டிலைக் காட்டினாங்க. நான் ஏற்பாட்டாளர் மேடம்னேன். "பதினாலு புள்ளி எட்டு இருந்துச்சே, வாங்க"ன்னாங்க. ஒன்பது வருஷத்துல தொள்ளாயிரம் பேருக்கு மேல படுக்க வச்சிருக்கேன் சார், நான் ஒரு தடவை படுத்ததில்ல. ஊசின்னா எனக்கு ஆகாது, இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. படுத்தேன். அப்புறம் வாட்ச்மேன் படுத்தார். தமிழ்த்துறை மேடம் ஒருத்தங்க படுத்தாங்க. அண்ணாச்சிக்குச் சர்க்கரைக்கு ஊசி போடுறதால எடுக்க மாட்டேன்னுட்டாங்க. மொத்தம் மூணு யூனிட். இலக்கு நூறு, எடுத்தது மூணுன்னு என் கையாலயே அறிக்கை எழுதி அனுப்பினேன். அந்த வருஷம் கேடயம் திருச்சுழிப் பக்கம் ஒரு காலேஜுக்குப் போச்சு.

கோவத்துல, இனி கஞ்சி தேவையில்லைன்னு கடிதம் எழுதிப் பிரின்சிபால் மேடம்கிட்ட வச்சேன். மேடம் கையெழுத்துப் போடல. அண்ணாச்சி மூட்டை அனுப்புறதை நிறுத்தல. அவர் வீட்டுல மூணு பொம்பளைப் பிள்ளைக, எல்லாத்துக்கும் சோதனை பண்ணிப் பாத்தாராம், என்ன வந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லல. கஞ்சி ரெண்டாவது வருஷமா ஓடிக்கிட்டிருக்கு. இந்த வருஷம் சேந்த பிள்ளைக முதல் நாளே டம்ளரைத் தூக்கிட்டு வரிசையில நிக்குதுக. எந்த அறிக்கைலயும் என் பேர் இல்ல. சங்கரேஸ்வரி பரீட்சை எழுதிட்டு, வைகாசில கல்யாணமாகிப் போயிருச்சு. எனக்கும் பத்திரிகை வந்துச்சு. நான் போகல. முதல்ல விளக்கம் குடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு இருந்துட்டேன்.

நேத்துச் சாயங்காலம் டாக்டர் ஹில்டா போன் பண்ணாங்க. அவங்க இப்ப மதுரை பெரியாஸ்பத்திரில இருக்காங்க. சீனிராஜ் சார், உங்க ஸ்டூடண்ட் சங்கரேஸ்வரி இங்கதான் இருக்குன்னாங்க. பிரசவம். போனை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். அவங்களே சொன்னாங்க. ரொம்ப நேரம் ஆயிருச்சாம். அக்காவுக்கு மாதிரியே இதுக்கும் ரத்தம் நிறையப் போயிருச்சாம். எல்லாரும் பயந்து போய் ரெண்டு பாட்டிலை எடுத்துத் தலைமாட்டுல தயாரா வச்சிருந்தாங்களாம்.

"எத்தனை ஏத்துனீங்க மேடம்?"னு கேட்டேன்.

"ஒன்னு கூட ஏத்தல சார். அதுக்குள்ள நின்னுருச்சு. மாசமா இருக்கும்போதும் உங்க காலேஜ் கஞ்சியை விடாமக் குடிச்சிருக்கா, வேலுத்தாய்கிட்டப் பக்குவம் கேட்டு வீட்டுலயே காய்ச்சிக்கிட்டாளாம். அவ ரத்தமே தாங்கிருச்சு. பொம்பளைப் பிள்ளை, மூணு கிலோ. அம்மாக்காரி எந்திரிச்சு உக்காந்து பசிக்குதுங்கிறா."

சரி மேடம், ரொம்ப நன்றி மேடம்னு போனை வச்சேன். வச்சுட்டு அப்படியே அடுப்படி வாசல்ல உக்காந்து அழுதேன் சார். எங்க அப்பா போனப்பக் கூட நான் அப்படி அழுதவன் இல்ல. வீட்டம்மா பதறிப் போய் ஓடி வந்து, ஐயையோ, யாருங்க செத்துப் போனதுன்னு என் தோளைப் புடிச்சு உலுக்குறா.

யாரும் சாகலைன்னேன். யாரும் சாகலடி, யாரும் சாகலடின்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தேன்.